பேருந்தை நிறுத்தலாமா

2022 ஜனவரியில் கொரோனாவின் மூன்றாவது அலை எழுந்தபோது கோகிலவாணி ஜவ்வாது மலையில் இருந்தாள். அடிவாரத்து ஆலங்காயத்துப் பெண். நோயைத் தடுக்க அரசுகள் எடுக்கும் முடிவு யாரைக் காப்பாற்றுகிறது, யாரைக் கைவிடுகிறது என்று ஆராயும் பொருளாதார வல்லுநர். முதல் ஊரடங்கில் பேருந்து நின்றபோது மலையூர்களில் என்ன நடந்தது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். துணைக்குக் கிராமச் செவிலியர் அருணா.

ஒரு நாள் காலை சில ஏழை நாடுகளின் சுகாதார அதிகாரிகளோடு இணையவழிக் கூட்டம். அவற்றில் ஒன்று ஆப்பிரிக்க மலைநாடு. கிராமப் பேருந்துகளை மறுபடி நிறுத்துவதா என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஊருக்குள் சிக்னல் கிடைக்காததால் புளியமரங்களுக்கு மேலிருந்த பாறைக்கு இருவரும் ஏறினார்கள்.

பனியும் கூடவே ஏறியது. முதலில் ஊர் மறைந்தது, பிறகு மரங்கள், பிறகு அருணாவின் பாதங்கள். மடிக்கணினித் திரை மட்டும் வெண்மைக்குள் மிதந்தது. அதில் வேறு வேறு வெயிலில் உட்கார்ந்திருந்த முகங்கள்.

கோகிலவாணி கண்டறிந்ததைச் சொன்னாள். இங்கே பேருந்து நின்றது தொற்றைச் சில வாரம் தள்ளிப்போட்டது. ஆனால் பிரசவத்துக்கும் காசநோய் மாத்திரைக்கும் போக வழியில்லாமல் போன உயிர்கள், தொற்று தள்ளிப்போனதால் பிழைத்த உயிர்களைவிட அதிகம். சொல்லும்போதே மலையூர்ப் பெண் திரௌபதியின் குரல் காதுக்குள் ஓடியது. முந்தின நாள் அடுப்பைப் பார்த்தபடியே அவள் சொல்லியிருந்தாள்: "டோலி கட்டித் தூக்கினு போனாங்க. பாதி வழியிலயே கொழந்த அசையறது நின்னுபோச்சு."

மலைநாட்டு அதிகாரி தாண்டிவே என்பவள் கேட்டாள்: "எங்கள் மலைக்கும் இது பொருந்துமா?"

ஆமென்று சொல்லிவிட கோகிலவாணிக்கு ஆசையாக இருந்தது.

"அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பெண்கள் பிரசவத்துக்கு எதில் போகிறார்கள் என்று விசாரியுங்கள். பேருந்தில்தான் என்றால் நிறுத்த வேண்டாம். பாதிப் பேரை ஏற்றி, ஜன்னல்களைத் திறந்து ஓட்டுங்கள். தொற்று கொஞ்சம் கூடும். அதற்குத் தயாராக இருங்கள்."

படம் அசையாமல் நின்று, அணைந்தது.

"இன்னாக்கா, கட்டாய்டுச்சா?" என்றாள் அருணா.

"கடைசியா சொன்னது அவங்களாண்ட போச்சான்னு தெரில."

"உக்காருக்கா. பனி கலையட்டும். வழியே தெரில."

உட்கார்ந்தார்கள். எங்கோ வளைவில் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. அது இந்த மலையின் ஜமுனாமரத்தூர் வண்டியா, கடலுக்கு அப்பால் ஏதோ மலையில் ஏறும் வண்டியா என்று ஒரு கணம் கோகிலவாணிக்குப் பிரித்தறிய முடியவில்லை.

சில வாரங்கள் கழித்துத் தாண்டிவே தொலைபேசியில் பேசினாள். விசாரித்தார்களாம். பேருந்துகளை நிறுத்தவில்லையாம். பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்ந்தார்கள். இரண்டு மலையூர்களில் தொற்று கூடியது. மருந்தும் ஆக்சிஜனும் முன்பே அனுப்பியிருந்தும் முதியவர்கள் சிலர் தப்பவில்லை.

கோகிலவாணி இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டாள். நாவுக்குப் பழகாத அந்தப் பெயர்களைத் தாண்டிவே ஒவ்வொன்றாக, மெல்லச் சொல்லிக்கொடுத்தாள்.