புதன்கிழமைச் சாம்பல்

“ஒங்க அடுப்பு திங்கிறதுக்கு நான் என்னங்க பண்ண முடியும், நான் தராசு காட்டினதத்தான்…”

“அடுப்பு திங்கலங்க, ஒங்க தராசுதான்…”

“தராசைச் சொல்லாதீங்க. அதுக்கு சீல் குத்தியிருக்கு.”

“தராசுக்கு சீல் குத்தியிருக்கு. அதப் பிடிக்கிற கைக்கு?”

கார்த்திகாவும் கவியரசனும் மற்ற நாட்களில் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேரும் ‘ங்க’ போட ஆரம்பித்துவிட்டால் சண்டை முற்றிவிட்டது என்று அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து மேசையில் இருந்த வேதியியல்காரர் ஆரோக்கியதாஸ், கையிலிருந்த கண்ணாடிக் குடுவையை ஓரமாக நகர்த்திவைத்தார். கவியரசன் கோபம் வந்தால் மேசையைத் தட்டுகிற ஆள். தட்டவும் செய்தான். நேற்றுக் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்த ஐந்து தூக்குச்சட்டிகளும் ஒருமுறை குதித்து அடங்கின.

சண்டை ஓர் எண்ணைப் பற்றியது. ஆறரை.

கவியரசனுக்கு ஊர் அரிமளம். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பொறியியல் கல்லூரியில் ஐந்து வருடமாக ஒரே ஓர் அடுப்பைச் செய்துகொண்டிருக்கிறான். அவனுடைய முனைவர் பட்டம் முழுக்க அந்த அடுப்புக்குள்தான் இருக்கிறது. அதில் எரிக்கிற கட்டி ஆரோக்கியதாஸுடையது. கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து முந்திரிக்கொட்டை ஓடுகளை மூட்டை மூட்டையாக வரவழைத்து, தொட்டால் கை வெந்துபோகும் அந்த எண்ணெயை முதலில் பிழிந்தெடுத்துவிட்டு, சக்கையைக் கைப்பிடி அளவுக் கட்டிகளாக அழுத்திக் காயவைப்பார். கார்த்திகா படிப்பது எரிசக்திப் பொருளாதாரம். கீரனூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எரிக்கிறது, புது அடுப்பு வந்தபின் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுவது அவள் வேலை.

கந்தர்வக்கோட்டையைத் தாண்டி முந்திரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஐந்து வீட்டுக்கு அடுப்பைக் கொடுத்திருந்தார்கள். கார்த்திகா புதன்கிழமை காலையில் போய்க் கட்டிகளை எடைபோட்டு வைத்துவிட்டு, மத்தியானம்வரை இருந்து வேண்டியதை எழுதிக்கொண்டு திரும்புவாள். வியாழக்கிழமை காலையில் மறுபடி போய் மிச்சத்தை எடைபோடுவாள். குறைந்தது எவ்வளவோ அதுதான் ஒரு நாள் எரிந்தது.

பழைய விறகடுப்பில் ஒரு வீட்டுக்கு ஐந்து கிலோ ஆனது. கல்லூரியில் வைத்துச் சோதித்தபோது புது அடுப்பில் மூன்று. அதே அடுப்பு ஊருக்குள் போனதும் ஆறரை. எட்டு மாதமாக, வாரம் தவறாமல்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மறுஆய்வுக் கூட்டம். அடுப்பு தோற்றது என்று எழுதினாலும் கார்த்திகாவுக்கு அது ஒரு முடிவுதான், பட்டம் வந்துவிடும். ஆரோக்கியதாஸின் கட்டியை வேறு அடுப்பில் எரித்துக்கொள்ளலாம். கவியரசனுக்குத்தான் வேறு அடுப்பு கிடையாது. ஆறரை கூட்டத்துக்குப் போனால் அவனுடைய ஐந்து வருடமும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

சத்தம் கேட்டுத் துறைத்தலைவர் பழனிச்சாமி வெளியே வந்தார். கட்டிகளை அந்த வீட்டுக்காரர்கள் சொந்தபந்தங்களுக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்றான் கவியரசன். அடுப்பில்தான் கோளாறு என்றாள் கார்த்திகா. யாரும் கேட்காமலே, கட்டியில் ஈரமில்லை என்றார் ஆரோக்கியதாஸ். பழனிச்சாமி மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“எரிஞ்சது எங்கன்னு சண்ட போடாதீங்க. எரிஞ்சது என்னன்னு பாருங்க. சாம்பல அள்ளிக்கிட்டு வந்து சுகுணா மேடத்துக்கிட்ட குடுங்க.”

சுகுணா அதே கல்லூரியில் தடய அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். எரிந்துபோன கடை, எரிந்துபோன வேன் எல்லாவற்றுக்கும் சாம்பலைச் சலித்துப் பார்த்துக் கோர்ட்டில் சாட்சி சொன்னவர். சமையல்கட்டுச் சாம்பல் இதுவரை அவரிடம் வந்ததில்லை. அதற்காக முறையை விட்டுவிட முடியுமா? எடைபோட்ட நாளின் சாம்பல் தனி, எடைபோடாத நாளின் சாம்பல் தனி, ஒவ்வொரு பொட்டலத்திலும் வீட்டுக்காரர் கையெழுத்து, அப்படியென்றால்தான் வருவேன் என்றார்.

அடுத்த வியாழக்கிழமை காலை சுகுணா, கார்த்திகா, கவியரசன் மூன்று பேரும் முதல் வீட்டுக்குப் போனார்கள். முந்திரி உடைக்கிற வேலைக்குப் போகிற ராக்காயியின் வீடு. சுகுணா வாயையும் மூக்கையும் மூடிக் கட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் மண்டிபோட்டு இடுக்கியால் சாம்பலைக் கிளறியதை ராக்காயி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கார்த்திகாவின் காதோரம் வந்தாள்.

“யாருத்தா செத்தது?”

யாரும் சாகவில்லை என்று கார்த்திகா சொன்னாள். அப்படியானால் எதற்குக் கையெழுத்து, சாம்பலுக்கெல்லாமா கேஸ் போடுகிறார்கள், பிராது கொடுத்தது யார், அது தெரியாமல் பேனாவைத் தொடமாட்டேன் என்றாள் ராக்காயி. கவியரசன்தான் சொல்ல வேண்டியதாயிற்று. பிராது அடுப்பின் மேல். அது அதிகமாகத் தின்கிறதாம்.

ராக்காயிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. தன் வீட்டுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி திட்டிவிட்ட மாதிரி அடுப்புக்கும் சுகுணாவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

“இந்த அடுப்பா? பத்துக் கட்டி போட்டா காலையில இட்லி, மத்தியானம் சோறு, பொழுதுபட வெந்நி வரைக்கும் நின்னு எரியுது தம்பி. இதப் போயி யாரு வஞ்சது?”

பத்துக் கட்டி என்றால் மூன்று கிலோ. கவியரசன் கார்த்திகாவைப் பார்த்தான். கார்த்திகா நோட்டைப் புரட்டினாள். அன்று காலைதான் எடை போட்டிருக்கிறாள். ஒரு நாளில் போனது இருபத்திரண்டு கட்டி. ராக்காயியிடம் காட்டியபோது, தராசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நீ படித்த பிள்ளை, என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி போனார்கள், வியாழக்கிழமை எரிந்த சாம்பலை அள்ள. அவர்களைப் பார்த்ததும் ராக்காயி பதறிப்போனாள். “இன்னிக்கி ஒங்க நாளில்லயே, வீட்ல ஒண்ணுமில்லயே” என்று சொல்லிக்கொண்டே மோர் கலக்க ஓடினாள். மூன்று பேரும் மோரைக் குடித்துவிட்டு, சாம்பலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துசேர்ந்தார்கள். அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

திங்கட்கிழமை சுகுணா மைக்ராஸ்கோப்பை அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கே கொண்டுவந்து எல்லோரையும் சுற்றி நிற்கவைத்தார். வியாழக்கிழமைச் சாம்பலில் முந்திரி ஓட்டைத் தவிர வேறொன்றுமில்லை. புதன்கிழமைச் சாம்பலில், ஐந்து வீட்டிலும், கறுப்பாகச் சுருண்ட சின்னச் சின்னக் குழாய்கள் இருந்தன. கவியரசன் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, இது என் அடுப்பின் பாகம் எதுவும் இல்லை என்று அவசரமாகச் சொன்னான்.

“எறகோட அடித்தண்டு” என்றார் சுகுணா. “கோழிய உரிச்சதுக்கப்புறம் மஞ்சத் தடவி அடுப்புல வாட்டுவாங்கல்ல, அப்ப கருகி விழுந்தது.”

கார்த்திகா தன் படிவத்தை எடுத்தாள். அதில் ‘சமைத்தது’ என்று ஒரு கட்டம் உண்டு. எட்டு மாதமாக ஐந்து வீட்டுக்காரர்களும் சொன்னது ஒன்றுதான். சோறு, குழம்பு. என்ன குழம்பு என்று படிவம் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் முதல் வீட்டில் அவளை உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். மற்ற நாலு வீட்டுக்காரிகளும், அவள் வீட்டில் மட்டும் சாப்பிட்டாயே என்று தூக்குச்சட்டியில் கொடுத்துவிடுவார்கள். அதைப் பார்த்து ராக்காயியும் ஒரு சட்டி கொடுத்துவிட ஆரம்பித்தாள். அந்த ஊரில் தினமும் நாட்டுக்கோழிதான் போலிருக்கிறது என்று கார்த்திகா நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு விட்டாளா? இப்பகுதி மக்களின் உணவில் புரதச்சத்து வியக்கத்தக்க அளவில் உள்ளது என்று ஆய்வேட்டில் அரைப் பக்கம் எழுதியும் வைத்திருந்தாள்.

எல்லோருடைய கண்களும் மேசை மேலிருந்த தூக்குச்சட்டிகளுக்குப் போயின. ஐந்து சட்டியும் புதன்கிழமைதோறும் இங்கேதான் திறக்கும். கவியரசனுக்கு இரண்டு துண்டு. ஆரோக்கியதாஸுக்கு இறக்கை. தொடை, பதவியை முன்னிட்டு, பழனிச்சாமிக்கு.

“ஈரல் எனக்கு வரும் சார்” என்றார் சுகுணா, அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டே. “அதனால இதுல நான் கையெழுத்துப் போடலாமான்னு தெரியல.”

கார்த்திகாதான் மெதுவாக ஆரம்பித்தாள்.

“பழைய அடுப்புக்கு வெறக எடைபோடப் போனப்ப நான் யாரோ. வெறும் தண்ணி குடுத்தாங்க. புது அடுப்பக் கொண்டுபோனதுக்கப்புறம் நான் அந்த வீட்டுப் பிள்ள.”

ஆக, பழைய அடுப்பில் அவர்கள் வீட்டுச் சோறு வெந்தது. புது அடுப்பில் கல்லூரிக்கே சமையல் நடந்தது. அடுப்புக்குக் குற்றமில்லை என்று கவியரசன் குதித்தெழுந்தான். எழுந்த வேகத்தில், அதற்கு எட்டு மாதம் வாயால் கொள்ளிவைத்ததில் தன் பங்கு வாரம் இரண்டு துண்டு என்பது நினைவுக்கு வந்து, உட்கார்ந்துவிட்டான்.

“என்ன கொழம்புன்னு நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“நீயும்தான தின்ன? நீ கேட்டியா?”

‘ங்க’ போய்விட்டதைக் கேட்டு ஆரோக்கியதாஸ் குடுவையை மறுபடி நடுமேசைக்கு நகர்த்தினார்.

ஆனால் இறகைக் காட்டி எண்ணை மாற்ற முடியாது. ஆறரை தவறு என்றால் சரியான எண் எங்கே என்று கூட்டத்தில் கேட்பார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மிச்சமிருந்தது ஒரே ஒரு புதன்கிழமை. பழனிச்சாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது அளக்கும் முறையில் நேர்ந்த பிழை என்று அறிவித்தார். எடை நாளில் எந்த வீட்டிலும் கல்லூரிக்காரர் எவரும் எதுவும் சாப்பிடக்கூடாது என்று விதி எழுதி, முதல் கையெழுத்தை அவரே போட்டார். மேற்பார்வைக்கு நானே நேரில் வருகிறேன் என்றும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை இதைச் சொல்லப்போன கார்த்திகாவும் கவியரசனும் வாசலிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கோழி எங்கள் கோழி, அடுப்பு கொடுத்தவர்களுக்குச் சோறு போடாதே என்று சொல்ல என்ன உரிமை, இத்தனை நாள் இனித்த சோறு இப்போது கசக்கிறதா, என்று ராக்காயி கேட்ட ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது. பசிக்கிற பிள்ளையை வாசலில் உட்காரவைத்துவிட்டு என்னால் சோறு தின்ன முடியாது என்று சொல்லிவிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கொண்டாள். அளவு, சராசரி என்று கார்த்திகா எடுத்துச் சொன்ன எதுவும் எடுபடவில்லை. கடைசியில் கவியரசன் அளவை விட்டுவிட்டான்.

“அக்கா, நாளைக்கு நீங்க எங்களுக்குச் சோறு போட்டா இந்த அடுப்பு தோத்துரும். ஒடைச்சுப் போட்டுருவாங்க.”

ராக்காயி அடுப்பைப் பார்த்தாள். எண்ணெய் பட்டுக் கறுத்துத் தோல் உரிந்த விரல்களால் அதன் மேல் விளிம்பை ஒருமுறை துடைத்தாள்.

“நாளைக்கி ஒரு நா. பச்சத் தண்ணிகூடக் கேக்கக் கூடாது. எங்கிட்ட ஒரு சொல்லுச் சொன்னா சோறாக்கிப் போடாம என்னால இருக்க முடியாது, ஆமா.”

மற்ற நாலு வீட்டுக்கும் அவளே போய்ச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஜீப் வந்தது. ஐந்து வீட்டிலும் கட்டிகளை எடைபோட்டு முடித்து, ராக்காயி வீட்டு வேம்படியில் பழனிச்சாமிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில் பன் இருந்தது. வேண்டாம் என்றுவிட்டார். பத்து மணிக்கு மூன்று கட்டி போயிருந்தது. பன்னிரண்டரைக்கு ஆறு. கவியரசன் நிமிடத்துக்கொருமுறை எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தான். இப்படியே போனால் மூன்று கிலோவுக்குள் நிற்கும். ராக்காயி சொன்ன சொல் தவறவில்லை. வீட்டுக்குச் சோறு வடித்து, முருங்கைக்கீரையைக் கிண்டி இறக்கிவிட்டு, வாசல் பக்கம் தலைகாட்டாமல் உள்ளேயே இருந்தாள். வந்தவர்கள் பசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கை சும்மா இராது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு மணிக்கு, வெயில் தாங்காமல், குடத்தை எடுக்க அவள் வெளியே வந்தாள். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிவிடாதபடி கவியரசன் எழுந்து வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றான். கார்த்திகா தராசை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். ராக்காயி யார் முகத்தையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு நாலு எட்டு நடந்துவிட்டாள். இன்னும் நாலு எட்டில் தப்பித்துவிடுவாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு செஞ்சேவல் வேலி இடுக்கு வழியாக வந்து, நாற்காலிக்கு முன்னால் நின்று மண்ணைக் கிளறியது. நல்ல எடை. பழனிச்சாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அதைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு ராக்காயியைப் பார்த்துப் பொதுவாக, ரொம்பப் பொதுவாகக் கேட்டார்.

“இந்தச் சேவல் ஒங்க வீட்டுதாம்மா?”