முதல் அழுகையும் கத்திரி அக்காவும்

ஆபரேட்டர் அறைக் கண்ணாடி வழியாக, கீழே தன் படம் ஓடிக்கொண்டிருந்த அரங்கில் இருந்த மூன்று மேஜை விளக்குகளையே இயக்குநர் பார்த்துக்கொண்டிருந்தான். தணிக்கைக் குழுவில் யாருக்காவது ஒரு காட்சி உறுத்தினால், விளக்கைப் போட்டுக் குறித்துக்கொள்வார்கள். மூன்றும் சேர்ந்து எரிந்தால், 'பெரியவர்களுக்கு மட்டும்'.

"நகத்தைக் கடிக்காதண்ணா. விரலாவது மிஞ்சட்டும்," என்றாள் தங்கை.

"உனக்கென்ன! அந்த முத்திரையைக் குத்திட்டா, படத்துல பொறக்கிற உன் பொண்ணையே தியேட்டருக்குள்ள விடமாட்டாங்க."

படத்தின் உச்சக்கட்டமே தங்கையின் பிரசவம்தான். நடிப்பு இல்லை, அவள் சம்மதத்தோடு எடுத்த நிஜம். பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றுதான் அவன் இந்தப் படத்தையே எடுத்தான். ஆனால் குழுத் தலைவிக்கு சினிமாக்காரர்கள் வைத்திருந்த பெயர், கத்திரி அக்கா.

காட்சி வந்தது. வேர்த்த முகம், ரத்தம், அலறல். வயலின்கள் கும்பலாகக் கிறீச்சிட்டன. ஒரு விளக்கு எரிந்தது. இரண்டு. மூன்று.

"போச்சு," என்றான்.

படம் முடிந்ததும் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"ரத்தம் இருக்கு, அலறல் இருக்கு. விதிப்படி பெரியவங்களுக்குத்தான்," என்றார் குழுவிலிருந்த வக்கீல். பக்கத்திலிருந்த மூன்றாவது உறுப்பினர், ஒரு தலைமையாசிரியர், தலையாட்டினார்.

கத்திரி அக்கா தங்கையிடம் திரும்பினார். "ஏம்மா, உனக்கு வலி வந்தப்போ வயலின் கேட்டுச்சா?"

"எங்க கேட்டுச்சுக்கா! நர்ஸம்மா திட்டினதுதான் கேட்டுச்சு."

"நான் ரத்தத்துக்கு விளக்குப் போடலை. ஏதோ பேய் வரப்போகுதுன்னு பயந்து போட்டேன். தம்பி, பாட்டுக் கச்சேரியை நிறுத்திட்டு அந்த இடத்தை மறுபடி போடு."

"அக்கா, அது ரெண்டு மாச உழைப்பு..."

"பிள்ளைங்க பார்க்கணுமா, வேண்டாமா?"

இசை தனி டிராக்கில் இருந்தது. ஆபரேட்டர் அதை மட்டும் நிறுத்தினார்.

இப்போது தங்கையின் மூச்சு கேட்டது. ஏறியது, உடைந்தது, மறுபடி ஏறியது. "இதோ வந்துடுச்சு, பாரு," என்ற நர்ஸின் குரல் கேட்டது. கசங்கிய ஒரு சின்னத் தலை. பிறகு, ஒரு சத்தமும் இல்லை. ஒரு நொடிக்கு முன்பு உலகத்திலேயே இல்லாத ஒருத்தி, இருந்தாள். வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். அழுதாள்.

எடிட்டிங்கில் அலுக்க அலுக்கப் பார்த்தவன்தான். ஆனாலும் இயக்குநருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் இந்த மூச்சின் மேல் அல்லவா அவன் வயலினைக் கொட்டியிருக்கிறான்!

ஒரு விளக்கும் எரியவில்லை. வக்கீல் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"என்ன வக்கீல் சார், விதி?" என்றார் அக்கா.

"பயமுறுத்துற மாதிரி இருந்தாத்தான் பிள்ளைங்களுக்குத் தடை," என்றார் வக்கீல், உட்கார்ந்தபடி. "இதுல என்ன பயம்?"

'பிரசவக் காட்சியில் இசை நீக்கம். குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அக்கா. தங்கை அண்ணனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தலைமையாசிரியர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு மூணு பிள்ளைங்க. மூணு தடவையும் கதவுக்கு வெளியிலேயே நின்னுட்டேன்," என்றார் மெதுவாக. "தம்பி, இன்னொரு தடவை போடுவீங்களா? வேலைக்காக இல்லை."