பூண்டுவீரன் இறங்க வேண்டும்

சதுப்பு நிலத்து ராட்சசத் தவளைக்குக் கடைசி அடி கொடுத்தபோது என் விரல் நகங்களில் முள்ளங்கி கிம்ச்சி ஊறுகாயின் மிளகாய்ச் சிவப்பு இன்னும் போகவில்லை. திரையில் பொன்னிற ஒளி ஒன்று கிளம்பி, என் மகன் மின்கியின் ஆட்டத்து ஆளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது. லெவல் ஏறிவிட்டது என்று அர்த்தம். பக்கத்து நாற்காலியிலிருந்த பியோ, "அம்பத்திரண்டு வந்தாச்சுக்கா, இனிமே அந்தக் கவசத்த மாட்டி விட்ருங்க" என்றான். மாட்டிவிட்டேன். தலையிலிருந்து கால்வரை கருப்பாக மின்னிக்கொண்டு நின்றது என் பிள்ளையின் ஆள். பள்ளிக்கூடம் சேர்க்கிற அன்று சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு ஒரு எட்டுத் தள்ளி நின்று பார்த்தேனே, அதே மாதிரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு பார்த்தேன்.

மின்கி கட்டாயப் பட்டாளச் சேவைக்குப் போய் நூறு நாள் ஆகிறது. நூறு நாள் முடிந்தால் முதல் விடுப்பு. அன்று மாலைப் பேருந்தில் வருகிறான். காலையிலேயே மாட்டு விலாவைச் சோயாவில் ஊறப்போட்டுவிட்டு, மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் கடைக் கதவைச் சாத்தி, "மாடியில் பியோ கடையில் இருக்கிறேன்" என்று அட்டை தொங்கவிட்டு மேலே ஏறிவிட்டேன். கீழே கிம்ச்சியும் தொடுகறியும் விற்கிற என் கடை, மேலே ஆட்டம் ஆட வாடகைக்கு விடும் பியோவின் கம்ப்யூட்டர் சென்டர். பூச்சொன் சந்தையில் இத்தனை வருடமாக இந்தப் படிக்கட்டைப் பார்த்துத் திட்டியதைத் தவிர நான் வேறெதுவும் செய்ததில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் மின்கி இறங்கி வரமாட்டான். கடைசி மூலை நாற்காலியில், காதை மூடிக்கொண்டு, தனியாக. இவனைப் பெற்றதற்கு ஒரு கருங்கல்லைப் பெற்றிருக்கலாம் என்று படிக்கட்டில் நின்றே கத்தியிருக்கிறேன். சந்தைக்கே கேட்டிருக்கும்.

போகிற அன்று மொட்டைத் தலையோடு சாப்பிட உட்கார்ந்தவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, மாசம் ஒரு தடவ பியோ அண்ணன் கடைக்குப் போயி என் ஆட்டத்தத் தொறந்து மூடும்மா. ரொம்ப நாள் தொறக்கலன்னா குழுவிலேர்ந்து தூக்கிருவாங்க." கடை நாட்காட்டியின் ஓரத்தில் கடவுச்சொல்லை எழுதிவைத்துவிட்டுப் போனான். திறந்து மூடு, அவ்வளவுதான் சொன்னான். சொன்னதை மட்டும் செய்கிற ஜென்மமா நான்?

அவன் உடுத்திக்கொண்டு போன உடுப்பு பெட்டியில் தபாலாகத் திரும்பி வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லா அம்மாக்களுக்கும்தான் அந்தப் பெட்டி வருகிறது, எல்லாரும்தான் அழுகிறார்கள், அது இல்லை. பெட்டியில் சட்டை, கால்சட்டை, காலுறை எல்லாவற்றையும் அத்தனை சீராக மடித்து வைத்திருந்தான். வீட்டில் ஒரு துண்டைக்கூட மடிக்காத பையன். பயத்தில் மடித்த மடிப்பு அது என்று எனக்குத் தோன்றியது. பிறகு வந்த தொலைபேசி அழைப்புகளிலும் "நல்லா இருக்கேம்மா, பரவால்லம்மா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. பின்னால் யாரோ இருமினாலே குரல் மாறிவிடும். பக்கத்து மீன்கடைக்காரி, "பட்டாளத்துக்குப் போன பையன் வேற எப்படிப் பேசுவான்? உனக்கு வேற வேலை இல்ல" என்றாள். அவளுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள்.

முதல் மாதம் ஆட்டத்தைத் திறந்தபோதுதான் அவன் ஆளின் பெயரைப் பார்த்தேன். பூண்டுவீரன். பள்ளிக்கூடத்தில் இவன் மேல் பூண்டு நாறுகிறது என்று பயல்கள் கேலி செய்வார்களாம். என் கடையில் உட்கார்ந்து படித்த பையனுக்கு வேறென்ன வாசம் வரும்? அந்தப் பெயரையே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. அவன் ஆளின் பையில் ஒரு கருப்புக் கவசம், மங்கலாக, மேலே சிவப்புக் கோடு போட்டுக் கிடந்தது. ஏன் உடுத்தாமல் வைத்திருக்கிறான் என்று கேட்டேன். ஐம்பத்திரண்டாவது லெவலில்தான் மாட்ட முடியும், இவன் நாற்பதில் நிற்கிறான் என்றான் பியோ. அன்று முடிவு செய்தேன். முதல் விடுப்பில் வரும்போது என் பிள்ளை அந்தக் கவசத்தோடு நிற்க வேண்டும்.

நேர்வழியில் ஏற்றினால் வருடம் ஆகுமாம். குறுக்குவழி பியோவிடம் இருந்தது. அவனுடைய மந்திரவாதி பெரிய ஆள். அது முன்னால் போய் மிருகத்தைச் சாகிற அளவுக்கு அடித்துப் போடும், நான் ஓடிப் போய்க் கடைசி அடியை மட்டும் அடிப்பேன். கடைசி அடி யாருடையதோ, லெவல் ஏற்றுகிற அனுபவப் புள்ளி அவருக்கு. மருமகள் சமைத்த குழம்பில் உப்பு மட்டும் போட்டுவிட்டு மாமியார் பெயர் வாங்குவது மாதிரிதான். கூலியாக அவனுக்குத் தினம் மத்தியானச் சாப்பாடு. ஒரு நிபந்தனை மட்டும் போட்டான். "யாரு பேசினாலும் பதில் எழுதாதீங்கக்கா. அடுத்தவங்க ஆளத் தூக்கிட்டு ஆடுறது தெரிஞ்சா கம்பெனிக்காரன் கணக்கையே மொத்தமா மூடிருவான்." நான் வாயை மூடிக்கொண்டு தவளைகளைக் கொன்றேன்.

கவசத்தை மாட்டிய ஆளைச் சும்மா சதுப்பில் நிறுத்தி வைக்க மனம் வரவில்லை. நாலு பேர் பார்க்கட்டும் என்று ஊர்ச் சதுக்கத்துக்கு நடத்திக் கொண்டுபோனேன். நின்ற சற்று நேரத்தில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வெள்ளை அங்கி போட்ட வைத்தியச்சி ஒருத்தி, பெயர் பார்லித்தண்ணி. குட்டையாக வில்லோடு ஒருவன், பெயர் முக்கோணச்சோறு. பூண்டுவீரனைச் சுற்றிச் சுற்றிக் குதித்தார்கள். "டேய் பூண்டு, வந்துட்டியா, லீவா?" என்று எழுத்து ஓடியது. என் பிள்ளைக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். அவன் வந்தான் என்று இரண்டு பேர் குதிக்கிறார்கள்.

திடீரென்று குதிப்பது நின்றது. "டேய், அம்பத்திரண்டா?" என்று எழுதினான் வில்லுக்காரன். பிறகு வைத்தியச்சி எழுதினாள்: "நாங்க இன்னும் நாப்பதுலயே நிக்கிறோம்டா, சனிக்கிழமை வந்து சும்மா நின்னுட்டுப் போறோம். நீ சொன்ன மாதிரிதான்."

நான் பியோவைப் பார்த்தேன். அவன் திரையைப் படித்துவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டான். இரண்டு பேருக்கு நடுவில் பத்து லெவலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சேர்ந்து வேட்டையாட முடியாது, ஒருவர் அனுபவம் இன்னொருவருக்குப் போகாது, கூட்டுக் குகைகளின் கதவே திறக்காது என்று இழுத்து இழுத்துச் சொன்னான். மின்கி பட்டாளம் முடித்து வருகிறவரை இந்த இரண்டு பேரும் ஒரு மிருகத்தைக்கூடத் தொடாமல், சனிக்கிழமை சனிக்கிழமை வந்து இந்தச் சதுக்கத்தில் சும்மா நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள், மூன்று பேரும் ஒன்றாக ஏறலாம் என்று. "அவன் எப்பவும் தனியா உக்காந்துதானக்கா ஆடுவான். எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை.

"பரவால்ல" என்று எழுதிவிட்டு வில்லுக்காரன் மறைந்தான். பின்னாலேயே வைத்தியச்சியும் போனாள். அந்த வார்த்தையை எனக்கு நன்றாகத் தெரியும். தொலைபேசியில் நூறு நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடிப்பாவி, என்ன காரியம் செய்துவைத்தாய் என்று என்னை நானே வைதுகொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பேருந்து ஊரை நெருங்கியிருக்கும். இருக்கிற இரண்டு நண்பர்களையும் வெட்டிவிட்டு, மாட்டு விலாவைச் சுட்டுப் போட்டால் சரியாகிவிடுமா? இறக்க வழி உண்டா என்று பியோவைக் கேட்டேன். அவன் தயங்கினான். "செத்தா இறங்கும்கா. ஒவ்வொரு சாவுக்கும் கொஞ்சம் அனுபவம் போகும். இருபது தடவ செத்தா அம்பதுக்கு வந்துரலாம். சதுப்புல கொண்டுபோய் நிறுத்திட்டு கைய எடுத்துருங்க."

சொல்லிவிட்டு, நூடுல்ஸ் கேட்ட வாடிக்கையாளருக்கு வெந்நீர் வைக்கப் போய்விட்டான். அவனுக்கு அது ஆட்டம். நான் பூண்டுவீரனைச் சதுப்புக்கு நடத்திப் போய், கவசத்தைக் கழற்றினேன். கவசம் இருந்தால் சாவு தாமதமாகும். உள்ளே சாதாரணத் துணியோடு மெலிந்து நின்றான். தவளை வந்தது. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அடிக்கும் அவன் ஒரு சின்னச் சத்தம் போட்டான். இத்தனை நாள் மற்றவற்றை அடிக்கும் அவசரத்தில் அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததேயில்லை. முழங்கால் மடிந்து, முகம் குப்புற விழுந்தான். மீண்டும் எழுவதா என்று திரை கேட்டது. எழுப்பினேன். திரும்ப நடத்திப் போனேன். திரும்ப விழுந்தான். பக்கத்தில் யாரோ நூடுல்ஸை உறிஞ்சுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள், நான் என் பிள்ளையை எழுப்பி எழுப்பிச் சாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இது வெறும் பொம்மை, பொம்மை என்று சொல்லிக்கொண்டேன். வடக்கே மலைமேல் அவன் இருக்கிற முகாமில் அவனும் இப்படித்தான் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பானோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை.

ஐம்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தான். அடுத்த தவளை அடித்து உயிர்க்கோடு அடிமட்டத்துக்குப் போனபோது, வெள்ளையாக ஒரு வெளிச்சம் அவன் மேல் கொட்டியது. கோடு சர்ரென்று மேலே ஏறியது. பார்லித்தண்ணி. எங்கிருந்து வந்தாளோ, சேற்றில் நின்று கோலை உயர்த்திக்கொண்டிருந்தாள். தவளை அடிக்கும், அவள் வெளிச்சம் போடுவாள். அவள் இருக்கிறவரை இவன் சாகமாட்டான். இவன் சாகாவிட்டால் இவளோடு சேரமுடியாது. ஐயோ, உனக்காகத்தானடி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பியோவைத் தேடினேன், அடுப்பறையில் இருந்தான். கடிகாரத்தைப் பார்த்தேன். எழுதாதே என்று அவன் சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி எழுதினேன்.

"காப்பாத்தாத. சாக விடு."

வெளிச்சம் நிற்கவில்லை. இன்னும் வேகமாக விழ ஆரம்பித்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

"திரும்பவுமாடா?"

எனக்குப் புரியவில்லை. நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். என் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில், என் பிள்ளை சொன்னதாக, அந்த வரி நின்றுகொண்டிருந்தது. அவள் நிறுத்தாமல் எழுதினாள்.

"போன வருஷமும் இதையேதான் எழுதின. நானும் அவனும் எவ்வளவு பயந்தோம் தெரியுமா? முகாம்ல எதாவது பண்றாங்களா? அடிக்கிறாங்களா?"

அவள் கேட்கிற ஒவ்வொன்றும் நான் கேட்டிருக்க வேண்டியது.

"அன்னிக்கும் சொன்னேன், உங்கம்மாகிட்ட சொல்லுன்னு. அம்மா தாங்கமாட்டாங்கன்னு நீ சொல்லிட்ட. இப்பவாச்சும் சொல்லுடா பூண்டு."

போன வருடம், குளிர்கால கிம்ச்சி போடுகிற சமயம். சந்தையே முட்டைக்கோசு மலையாகக் கிடந்தது. இவன் வந்து கடை வாசலில் நின்றான். "அம்மா" என்றான். கை ரெண்டும் உப்புத் தண்ணீரில் இருக்கும்போதா கூப்பிடுவாய், போய் அந்த ஆட்டத்தையே கட்டிக்கொண்டு அழு என்றேன். மாடிப்படி ஏறிப் போனான். மேலே போய் யாரிடம் என்ன சொன்னான் என்பது இப்போதுதான் எனக்கு வந்து சேர்கிறது. நான் திட்டிய இந்த மூலைதான், இந்தத் திரைதான் அன்றைக்கு அவனைப் பிடித்து வைத்திருக்கிறது.

"பூண்டு? இருக்கியா?"

நான் மின்கி இல்லை, அவன் அம்மா என்று எழுத வேண்டும். விரல் எழுத்துப் பலகைக்கு மேல் நின்றது, ஒரு எழுத்தும் கண்ணில் படவில்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. பட்டாளத்துப் பூட்ஸ். கண்ணாடிக் கதவு திறந்து வெளிக்குளிர் உள்ளே வந்தது. சத்தம் நாற்காலிகளைத் தாண்டிக் கடைசி மூலைவரைக்கும் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"அம்மா, கடை பூட்டியிருக்கே" என்றது குரல். மேலே ஏதோ சொல்லப்போய், நின்றுவிட்டது.

திரையைப் படிக்கிறான் என்று தெரிந்தது. மறைக்க எனக்குக் கை எழவில்லை. மறைக்கவும் கூடாது. நாற்காலி முதுகைப் பிடித்திருந்த அவன் விரல்கள் என் தோளில் பட்டன. குளிரில் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தன. திரும்பி முகத்தைப் பார்த்தால் நான் அழுதுவிடுவேன். அழுதால் அவன் பரவால்லம்மா என்று சொல்லிவிடுவான். அதனால் திரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"நான் தாங்குவேன்டா."

அவன் விரல்களை எடுக்கவில்லை. சேற்றில் தவளை மறுபடியும் வாயைத் திறந்தது. பூண்டுவீரன் முழங்கால் மடியப் போனான், வெள்ளை வெளிச்சம் விழுந்தது, நிமிர்ந்தான். மறுபடி மடியப் போனான். மறுபடி வெளிச்சம் விழுந்தது.