பயம் போனவர்கள் கை தூக்கவும்

புதன்கிழமை கடைசிப் பீரியடு வந்தால் அனுசுயாவுக்கு இருப்புக்கொள்ளாது. முன்பு அது விளையாட்டுப் பீரியடு. எறிபந்து ஆடி, தொண்டை கிழியக் கத்தி, வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்குப் போவார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்கிறேன் என்று மதுரையிலிருந்து ஓர் அம்மா உத்தமபாளையத்துக்கு ஜீப்பில் வரத் தொடங்கியதும், அந்தப் பீரியடைத்தான் தூக்கிக் கொடுத்தார்கள். கணக்கிலும் இயற்பியலிலும் கை வைக்க யாருக்கு மனசு வரும்? அழுத்தத்தைக் குறைக்க விளையாட்டை நிறுத்திய மகராசர்களை என்னவென்று சொல்ல!

அந்த அம்மா நல்லவர்தான். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மெதுவாக விடச் சொல்வார். திராட்சைத் தோட்டத்து மருந்து வாடை ஜன்னல் வழியாக வரும். பிள்ளைகள் அதையும் சேர்த்து இழுப்பார்கள். அனுசுயாவுக்குக் கண்ணை மூடினால் வெள்ளைத் தாள்தான் தெரியும்.

திருப்புதல் தேர்வில் நடந்தது அது. இயற்பியல் கேள்விகள் அத்தனைக்கும் பதில் தெரியும். விரல் மரத்துப்போய் ஒரு வரி எழுத வரவில்லை. வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். வகுப்பாசிரியர் அப்துல் சமது சார் கொதித்துப்போனார். முதலாவதாக வருகிற பிள்ளை ஒன்றுமே எழுதவில்லையென்றால் திமிர் இல்லாமல் வேறென்ன என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அதோடு அவள் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, அது திமிர் இல்லை என்று சார் ஒருத்தர் நம்பினால் போதும் என்று கிடந்து தவித்தாள்.

சமது சார் லேசுப்பட்டவர் இல்லை. ஆய்வுக்கு அதிகாரிகள் வந்து கேள்வி கேட்டால், அவர் வகுப்பில் ஒருத்தி விடாமல் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை. சார் வலது கைக்காரிகளை மட்டும் எழுப்புவார். வந்தவர்கள் அசந்துபோய்ப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

பயிற்சியின் கடைசி நாளன்று சாரும் வந்து கரும்பலகை ஓரமாக நின்றார். பலன் இருந்ததா என்று அறிக்கை எழுத வேண்டுமாம் மதுரை அம்மாவுக்கு.

"பரீட்சை பயம் போனவங்க எல்லாம் கை தூக்குங்க பாப்போம்."

இன்றைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் வெளியாள் கேள்வி கேட்டாலே கை தன்னால் மேலே போகிற பிள்ளைகள் ஆயிற்றே. அத்தனை கையும் எழும்பிவிட்டது. அனுசுயா இடது கையைத் தூக்கினாள். மானம் போகிறதே என்று ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள். எதற்கும் அலட்டிக்கொள்ளாமல் சிரித்துத் திரிகிற ஹுஸ்னாவின் இடது கை மேலே இருந்தது. பின்னால் திரும்பினாள். ஆத்தாடி, வலது கை ஒன்றுகூட இல்லை!

மதுரை அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நூற்றுக்கு நூறு சார் என்றார். யாராவது ஒரு பிள்ளையை எழுப்பி இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள் என்றார். சார் முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சுவரை வலது கையைத் தேடினார். முகம் வெளுத்துவிட்டது. கையை இறக்கச் சொன்னார்.

எல்லோரும் இறக்கினார்கள். அனுசுயாவுக்கு இப்போது விட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது. இறக்கவில்லை.

"ஏடி, எறக்கு. சார் பாக்குறாக" என்று ஹுஸ்னா தாவணியைப் பிடித்து இழுத்தாள்.

இவளுக்குத்தான் பேச ஆசை போல என்று மதுரை அம்மா சிரித்தார். சார் சிரிக்கவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்து அனுசுயாவின் முன்னால் நின்றார்.

"அன்னைக்கு வெறும் பேப்பரக் குடுத்தியே, அது திமிர் இல்லையா ஆத்தா?"

"இல்ல சார். எல்லாம் தெரியும். கைதான் வரல."

சொல்லி முடிக்குமுன் அழுகை பொங்கிவிட்டது. என்ன சார், என்னாச்சு என்று மதுரை அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். சார் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கைக்குட்டையை எடுத்து அனுசுயாவிடம் நீட்டினார்.

"எனக்கும் கை வரல சார்" என்றாள் ஹுஸ்னா.