ரெண்டு குறைச்சு

என் தங்கை கணவர் தச்சர். நான் கண்ணாடி வெட்டுபவன். அவருக்கு அளவென்றால் அங்குலமும் நூலும்தான். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். என் டேப்பில் அது மூன்று மில்லிமீட்டர். பத்து வருடமாக ஒவ்வொரு சன்னலுக்கும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் கத்தியிருக்கிறோம். ஒரு கண்ணாடிகூடத் தப்பாக வெட்டியதில்லை.

நேற்றைய சண்டையில் தங்கை அழுதுவிட்டாள். இன்று காலை அவர் போனில் தணிவாகச் சொன்னார்: "சட்டத்தோட உயரத்துல ரெண்டு குறைச்சு வெட்டுங்க, மச்சான்." அவர் வாயில் ரெண்டு என்றால் நூல்தானே. வாயை மூடிக்கொண்டு ஆறு மில்லிமீட்டர் குறைத்தேன்.

இப்போது மூன்றாம் மாடி. ஆளுயரக் கண்ணாடி சட்டத்தின் கீழ்க் காடிப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. மேல் காடியை எட்டவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கிறோம். கையை எடுத்தால் நேரே தெருவில், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தலையில்.

"எவ்வளவு குறைச்சீங்க?" என்றார்.

"ரெண்டு நூல்."

"நூலா? நான் சொன்னது மில்லிமீட்டர்."

"நீங்க என்னிக்கு மாப்ளே மில்லிமீட்டர்ல பேசியிருக்கீங்க?"

"உங்களுக்காகத்தான் இன்னிக்குப் பேசினேன்."

"அதை வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கறதுக்கென்ன?"

"எதுக்கு இன்னொரு சண்டைன்னு விட்டுட்டேன்."

"நானும்தான்."

கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது. கண்ணாடி வெளிப்பக்கமாக ஒரு மயிரிழை சாய்ந்தது. அந்த அளவு மட்டும் இருவருக்கும் ஒன்றுபோலப் புரிந்தது.