சுவருக்குள் ஒரு கம்பி

சம்மட்டிச் சத்தம் நின்றால் என் கைவேலையும் நின்றுவிடும்.

ஜூஜுவாடியில் பெங்களூர் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. முன்பாதி பட்டறை, பின்பாதியில் நாங்கள், நடுவே மூங்கில் தட்டி. என் வீட்டுக்காரர் ஐசக், லாரிகளின் ஸ்பிரிங் பட்டை அடிக்கிறவர். அவருக்கு வலிப்பு உண்டு. சத்தம் நின்றதும் ஓடுவேன். உலையோரத்திலிருந்து அவரை இழுத்துப் போட்டு, கையில் சாவிக்கொத்தைத் திணிப்பேன்.

ஒருநாள் அப்படி ஓடியபோது அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு டிரைவர்கள்.

"என்னண்ணே, அக்கா சாவியோட வர்றாங்க? கல்லாவைப் பூட்டவா, உங்களைப் பூட்டவா?"

அவரும் சேர்ந்து சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

மறுவாரம் செங்கல் வந்து இறங்கியது. "புள்ள தூங்கட்டும் தேவமணி. சத்தம் வராத சுவரா எழுப்பிடலாம்" என்றார்.

எங்கள் மகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்குவாள். அது அவருக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், நீங்கள் விழுவீர்கள் என்று சொன்னதாகிவிடும். அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

பாகலூரிலிருந்து கொத்தனார் வெங்கடசாமி வந்தார். ஒரு சுவர் அல்ல, இரண்டு. நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, அதில் உமி கொட்டுவாராம்.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடவே கூடாதும்மா. ஒரு கல்லு தொட்டாலும் சத்தம் தாண்டிடும். முடிஞ்சதும் பாருங்க, வீட்டுக்காரர் திட்டுறதுகூட உங்களுக்குக் கேக்காது."

"அவர் திட்டமாட்டார்" என்றேன்.

சுவரில் வழியும் விடவில்லை. பட்டறைக்குப் போக இனி ரோட்டுப்பக்கம் சுற்ற வேண்டும். அவர் முகம் நெருப்பில் கிடக்கும், இந்தப் பக்கம் நான் புளி கரைத்துக்கொண்டிருப்பேன். கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதுதான் தெரிந்தது.

சுவர் இடுப்பளவு வந்தபோது கொத்தனார் சாப்பிடப் போனார். பழைய இரும்புக் கம்பி ஒன்றை இரண்டு சுவருக்கும் பாலமாக வைத்து, ஈரச் சாந்தால் மூடினேன். என் பக்கம் மட்டும் ஒரு விரல் நீளம் வெளியே விட்டு, அதன் முன்னால் பெட்டியை நகர்த்திவைத்தேன்.

பட்டறை மறுபடி ஓடத் தொடங்கிய அன்று வீடு செத்துக் கிடந்தது. கம்பியைப் பற்றினேன். அடி ஒவ்வொன்றும் உள்ளங்கைக்கு வந்தது. திடீரென்று நின்றது. கம்பியை இன்னும் இறுகப் பற்றினேன்.

டக், டக்.

கம்பியின் மேலேயே, லேசாக இரண்டு தட்டு. அவர் பக்கத்துப் பூச்சைச் சுரண்டி முனையைக் கண்டுபிடித்திருக்கிறார். பிடுங்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அதன்பின் அவர் கை ஓயும்போதெல்லாம் இரண்டு தட்டு வரும். அது வரும்வரை எனக்கு உயிர் இருக்காது. பெட்டிக்குப் பக்கத்திலேயே அரிசி பொறுக்கினேன், பிள்ளைக்கு ஊட்டினேன், ஜெபம் செய்தேன். தெருக்கதவைத் தாழிடுவதை விட்டேன்.

மாசி வெயிலில் ஒரு மத்தியானம், சம்மட்டி நின்றது.

டக்.

அடுத்தது வரவில்லை.

கதவு, வெயில், லாரி ஒன்றின் ஹாரன். எப்படிச் சுற்றினேனோ. உலையருகே பார்த்தேன். அங்கே அவர் இல்லை. சுவரோரம், கம்பிக்கு நேர்கீழே விழுந்து கிடந்தார். வலிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் நெருப்பை விட்டு அங்கே வந்திருக்கிறார். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கையில் சிறு சுத்தியல் இறுகியிருந்தது.

தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்தக் கோடியில் உலை எரிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்காமலிருக்க என்னால் முடியவில்லை.