ரெண்டு குச்சி இடைவெளி

என் காரைப் பார்த்து யாராவது ‘பாவம், பழசு’ என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஐம்பத்தாறாம் வருஷத்து லேண்ட்மாஸ்டர். பொம்பளை கார் ஓட்டுவதா என்று கோவில்பட்டி வாயைப் பிளந்த காலத்திலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். வீட்டிலிருந்து என் தீப்பெட்டி ஆபீசுக்கு (தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்) நான் யாரையும் எதிர்பார்த்து நின்றதே கிடையாது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆவணியில் எட்டயபுரம் ரோட்டில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. ஆட்டைக் காப்பாற்றினேன், புளியமரத்தில் மோதினேன். எனக்கு நெற்றியில் சின்னக் கீறல். காருக்கு முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது. இன்ஜினை மூடும் பானட், அதன் ரெண்டு பக்கத்து மட்கார்டு, முன்னால் இருக்கும் கிரில் எல்லாம் போயிற்று.

சென்னையில் இருக்கும் என் மகன் நந்தகோபால் மறுநாளே வந்து நின்றான்.

“ஒனக்கு அம்பத்தெட்டு வயசாவுது. போதும்மா. இத பழைய இரும்புக்குப் போட்டுட்டு, டிரைவரோட வேற காரு வாங்கித் தாரேன்.”

“ஏலே, ஆட்ட அடிச்சிருந்தா நல்ல டிரைவருன்னு சொல்லியிருப்பியோ?”

வாக்குவாதம் முற்றியது. கடைசியில் அவன், “தீவாளிக்கு வாரேன். அன்னைக்கு இந்த வண்டி முன்ன மாதிரியே நிக்கணும். ஒட்டுப்போட்டாப்ல கோணலா நின்னா சாவிய என் கையில குடுத்துரணும். அப்புறம் நீ ஸ்டியரிங்கத் தொடக்கூடாது” என்றான். வீம்பில் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இனி யாரோ ஒருவர் வந்து என்னை ஏற்றி இறக்குவார் என்று நினைத்தாலே அழுகை வந்தது.

நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்தும் எங்கள் ஊர் டிங்கர் குத்புதீன் பாய். வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம். பானட்டை மதுரையிலும் மட்கார்டுகளைக் கோயம்புத்தூரிலும் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பிடித்தார்.

“பொண்ணு மதுரை, மாப்பிள்ளை கோயம்புத்தூரு. சேத்து வைக்கது நம்ம பொறுப்புக்கா” என்றார்.

தன் பட்டறையில் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, காரை நாலு கருங்கல்மேல் தூக்கி நிறுத்தினார். குனிந்து வேலை பார்க்க வசதி என்று எந்த வண்டியையும் அப்படித்தான் நிறுத்துவார். பானட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே எவ்வளவு சந்து விட வேண்டும் என்று பார்க்க எங்கள் ஊரில் ஸ்கேல் தேட வேண்டியதில்லை. என் ஆபீஸ் தீக்குச்சி ரெண்டைச் சேர்த்துச் சந்தில் வைப்பார். கண்ணாடிப் பக்கத்திலிருந்து கிரில் வரைக்கும் குச்சி சிக்காமல், ஆடாமல் போக வேண்டும். சிக்கினால் போல்ட்டைத் தளர்த்தி, வாஷர் வைத்து, தள்ளி, மறுபடி முடுக்குவார். புரட்டாசிக் கடைசியில் குச்சி வழுக்கிக்கொண்டு போனது. நான் ஆபீஸ் முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தேன்.

ஐப்பசியின் முதல் மழை பெய்தது. மறுநாள் பட்டறைக்குப் போனால் பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கச் சந்தில் ஒரு குச்சிகூட நுழையவில்லை. வலப்பக்கத்தில் மூன்று குச்சி போனது. பானட்டின் ஒரு மூலை தீப்பெட்டிக் கனத்துக்குத் தூக்கி நின்றது.

“சத்தியமா நான் தொடலக்கா.”

மறுபடி சரிசெய்தார். வெயில் காய்ந்தது, கோணல் எதிர்ப்பக்கம் போயிற்று. அதையும் சரிசெய்தார். மழை வந்தது, பழைய கோணல் திரும்பி வந்தது. பாய் கோயம்புத்தூர் மாப்பிள்ளையைத் திட்டித் தீர்த்தார். டீக்கடையில் கண்ணேறு என்றார்கள், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினோம். எதற்கும் மசியவில்லை. கடைசியில் மட்கார்டின் போல்ட் ஓட்டைகளைப் பெரிதாக்க அவர் அரத்தை எடுத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“அதையும் ராவித் தள்ளிட்டா என் மவன் சொன்ன இடத்துக்குத்தான் போவும். வையும் கீழ!” என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழலாம் என்று பின்கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. ஐப்பசியில் அந்தக் கதவு என்றைக்குத் திறந்தது? கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், சுவரைத் தூக்கும், நிலை கோணிக்கொள்ளும். பங்குனியில் மண் வெடித்துச் சுருங்கினால் அதே கதவில் அணில் போகிற சந்து விழும். வெளியூரிலிருந்து குடிவந்தவர்கள்தான் ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவை இழைப்பார்கள். நாங்கள் பார்த்துச் சிரிப்போம்.

கோபத்தில் கதவை உதைத்துக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றது. இத்தனை நாளாக நானும் பாயும் கதவையல்லவா இழைத்துக்கொண்டிருக்கிறோம்!

பட்டறைக்கு ஓடினேன். “பாய், வண்டிய விடுங்க. தரையப் பாருங்க.”

பட்டறைத் தரை கரிசல் மண்மேல் பூசிய வெறும் சிமெண்டு. கூரைத் தண்ணீர் விழும் இடப்பக்கம் தரை உப்பி, அங்கிருந்த கல்லைத் தூக்கியிருந்தது. ஒரு மூலை தூக்கியதால் காரின் உடம்பே முறுக்கிக்கொண்டு நின்றது. அந்த முறுக்குக்குத் தக்கபடி பாய் பானட்டை வைத்தால், மண் காய்ந்ததும் முறுக்கு அவிழ்ந்து எல்லாம் பாழாகும். கொத்தனார் டியூபில் தண்ணீர் ஊற்றி நாலு கல்லையும் மட்டம் பார்த்தார் பாய். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“பொறந்ததுல இருந்து இந்த மண்ணுலயே கெடக்கேன். எனக்குத் தோணலயேக்கா!”

“எனக்கும்தான் தோணல. நல்லவேள, கதவு மாட்டிக்கிட்டுது.”

என் தீப்பெட்டி ஆபீஸ் இருப்பது பாறைமேல். என் வீட்டுக்காரர் அந்த இடத்தை வாங்கியபோது, புல்லு முளைக்காத இடம் என்று ஊரே சிரித்தது. குச்சி காயப்போடும் முற்றம் முழுக்க ஒரே பாறை. மழையும் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. சக்கரங்களை மாட்டி, காரை அங்கே தள்ளிக்கொண்டு போனோம். ஆபீஸ் வாசல் ஏற்றத்தில் கார் நகர மறுத்தது. உள்ளே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெத்தம்மாள் பசைக் கையோடு எழுந்து வந்தாள்.

“ஏட்டி, என்னத்த வேடிக்க பாக்கிய? வந்து தள்ளுங்கட்டி!”

அத்தனை பெண்களும் வந்தார்கள். கோவில் கொடைக்குப் போடுவதுபோலக் குலவை போட்டுக்கொண்டே என் காரைப் பாறைமேல் ஏற்றினார்கள்.

பாய் இந்தத் தடவை காரைச் சக்கரத்திலேயே நிறுத்தி எல்லா போல்ட்டையும் தளர்த்தினார். முதலில் கதவுக்கு நேராக மட்கார்டு, பிறகு மட்கார்டுக்கு நேராக பானட், கடைசியில் கிரில். எதையும் ஒரேயடியாக முடுக்காமல், சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். சாயங்காலம் மழை கொட்டியது. காலையில் நானே குச்சிகளை வைத்தேன். குச்சி வழுக்கிக்கொண்டு போனது. வெயில் ஏறிய பிறகு மறுபடி வைத்தேன். அப்போதும் போனது. குதிக்க வேண்டும்போல இருந்தது, குதித்தேன். பெத்தம்மாள் மறுபடியும் குலவை போட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை ரயிலில் நந்தகோபால் வந்தான். புதுக் கறுப்பு பெயிண்டோடு காரை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்தேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி வந்தான். பானட்டைத் திறந்து மூடினான். ஒரே சத்தத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. நான் ரெண்டு குச்சியை நீட்டினேன். தீப்பெட்டிக்காரி மகனுக்கு விளக்கவா வேண்டும்? குச்சிகளைச் சந்தில் வைத்து இந்தப் பக்கம் ஓட்டினான், அந்தப் பக்கம் ஓட்டினான். எங்கேயும் சிக்கவில்லை.

“சரிம்மா. நீ செயிச்சிட்ட. வீடு வரைக்கும் நான் ஓட்டுதேனே?”

“அந்தப் பக்கம் ஏறு.”

வீட்டுக்கு நேர்வழி இருக்க, வேண்டுமென்றே எட்டயபுரம் ரோட்டில் திருப்பினேன். புளியமரத்தில் பட்டை உரிந்த தழும்பு இன்னும் இருந்தது. பக்கத்தில் ஆடுகள் மேய்ந்தன. ஒன்று, அதே மாதிரி, விருட்டென்று ரோட்டுக்கு வந்தது.

பிரேக்கை மிதித்தேன். கார் அலுங்காமல் நின்றது. ஆடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிதானமாகக் கடந்து போனது. பக்கத்தில் என் மகன் ரெண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“என்னலே, டிரைவர் வைப்பமா?”

அவன் கையை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

“வேண்டாம்மா” என்றான். “நீயே ஓட்டு.”